கட்டுத்தரையில் எருது இல்லாத ஊர்



கிராம வாழ்வில் மாட்டின் இடம் பற்றி இந்த ஆண்டுச் சொற்பொழிவு அமையவேண்டும் என்று அழைப்பில் எழுதியிருந்தீர்கள். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து என் மனம் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடக்கிறது. பசுவைப் பற்றிப் பேச நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எருதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நான் எருதின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். பசு வரும்; அது வராமல் எருது ஏது? ஆனாலும் இன்றைய பேச்சின் நடுவில் நிற்பது எருதுதான்.

நான் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட மேட்டாங்காட்டில் பிறந்தவன். எங்கள் பக்கம் தந்தையைப் பெற்றவரை அப்பாரு என்போம். என் அப்பாரு வீட்டுக்குள் படுத்து நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில்கூடத் திண்ணைதான். கட்டில் எப்போதும் கட்டுத்தரையைப் பார்த்தே கிடக்கும். இரவில் எருதின் கழுத்துமணி ஒரு தாளத்தில் ஒலித்துக்கொண்டிருந்தால் அது அசைபோடுகிறது என்று பொருள். அந்தத் தாளம் நின்றாலோ மாறினாலோ அவருக்கு விழிப்பு வந்துவிடும். கயிறு காலில் சுற்றியிருக்கும், இல்லையென்றால் வயிறு உப்பியிருக்கும், அதுவும் இல்லையென்றால் பக்கத்தில் பாம்பு போயிருக்கும். எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தபிறகே மறுபடி கண்ணயர்வார். ஆத்தா இருமினால் அவர் அப்படி எழுந்ததாக எனக்கு நினைவில்லை. ஆத்தாவே இதைச் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறாள்.

எங்களிடம் ஒரு சோடி எருது இருந்தது. ஒன்று மயிலை, ஒன்று செவலை. காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாகத்தான் இருக்கும். ஆறு மாதம் போனால் சாம்பல் வெளுப்புக்கு மாறும். மாறாமல் செவலையாகவே நின்றுவிடும் மாடுகளும் உண்டு. அப்படி நின்றது ஒன்று. மயிலை இடத்தான், செவலை வலத்தான். நுகத்தில் எந்தப் பக்கம் பழகியதோ அந்தப் பக்கம்தான் அது கழுத்தைக் கொடுக்கும். பக்கம் மாற்றிப் பூட்டினால் நகராது, அடித்தாலும் நகராது. பூட்டும்போது அப்பாரு நுகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். இடத்தான் வந்து தன் இடத்தில் நிற்கும். வலத்தான் வந்து கழுத்தைத் தாழ்த்தும். ஒரு விலங்கு தானாக வந்து பாரத்துக்குக் கீழே தலையை நீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, வண்டி இழுக்கும் மிருகம் என்று ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிட மனம் வராது.

இந்த இளைஞர்களில் எத்தனை பேர் கவலை இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள்? தென்மாவட்டத்தார் கமலை என்பார்கள். ஒருவரும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கிணற்றின் வாயை ஒட்டி மண்ணைச் சரித்து ஒரு வாரி வெட்டியிருக்கும். கிணற்று மேட்டில் இரண்டு கல்தூண், நடுவில் உருளை. உருளைமேல் வடம் ஓடும். வடத்தின் ஒரு முனை எருதுகளின் நுகத்தில், மறுமுனை இரும்புச் சாலில். சாலின் அடியில் தும்பிக்கைபோல ஒரு தோல்வால். அதற்குத் தனியாக ஒரு வால்கயிறு. எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே ஏறும். ஓட்டுகிறவர் பாதிச் சரிவில் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவர் எடையும் சேர்ந்து இழுக்கும். சால் மேலே வந்ததும் தோல்வால் விரிந்து வாய்க்காலில் தண்ணீர் கொட்டும். பிறகுதான் வேடிக்கை: எருதுகள் திரும்பிக்கொள்ளாமல், முகம் சரிவைப் பார்த்தபடியே, பின்னுக்கு நடந்து மேட்டை ஏறவேண்டும். நாலு கால் பிராணி பின்னுக்கு நடப்பது அதன் இயல்பில் இல்லை. அதைப் பழக்க ஒரு வெயில்காலம் முழுக்க ஆகும். பழகிவிட்டால் கயிற்றைத் தொடவேண்டியதில்லை, நாக்கை மடித்து ஒரு ஒலி, அதுவே போதும்.

விடியுமுன் வெள்ளி முளைக்கும் நேரத்தில் பூட்டினால் வெயில் ஏறும்வரை இறைப்பு நடக்கும். ஒரு பாத்தி நனைய எத்தனை சால் என்று எருதுக்கும் தெரியும் என்பார் அப்பாரு. நான் அதைக் கிழவர் பேச்சு என்றே நினைத்தேன். ஒருநாள் மடை மாற்றுவதற்கு என்னை நிறுத்தியிருந்தார். கனவில் நின்றுகொண்டிருந்துவிட்டேன். பாத்தி நிரம்பி வழியப்போகும் நேரத்தில் மயிலை மேட்டிலேயே நின்றுவிட்டது. அடுத்த நடைக்கு இறங்கவே இல்லை. மடை மாற்றிய சத்தம் கேட்டபிறகுதான் கால் எடுத்து வைத்தது. அன்று வாங்கிய திட்டு எனக்கு மட்டும்தான்.

மாட்டின் பயனைக் கணக்குப் போடுகிறவர்கள் பாலில் தொடங்கிப் பாலில் முடிக்கிறார்கள். காங்கயம் பசு வேளைக்கு ஒரு லிட்டர், ஒன்றேகால் லிட்டர் கறக்கும். கன்றுக்கு விட்டது போக வீட்டுக்குக் கொஞ்சம். அந்தப் பாலைக் கொண்டு யாரும் பணக்காரர் ஆனதில்லை. எங்கள் வீட்டில் மோரை விலைக்கு விற்றதே இல்லை. காலையில் யார் சொம்பை நீட்டினாலும் ஊற்றவேண்டும் என்பது ஆத்தா வைத்த சட்டம். கன்று ஈன்ற முதல் நாட்களில் சீம்பால் காய்ச்சி நாலு வீட்டுக்குப் போகும். பால் அப்படி. மாட்டின் உண்மையான வருமானம் இரண்டு: உழைப்பு, சாணம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது எருது.

எங்கள் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் ஊர்கள் எங்களுடையவை. காற்று வரும், மழை வராது. அந்தப் பூமியை எங்கள் முன்னோர் புல்லுக்கே விட்டார்கள். அதற்குப் பெயர் கொறங்காடு. நாலு பக்கமும் கிளுவை வேலி, உயிருள்ள வேலி. கிளையை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும், ஆடுமாடு நுழையமுடியாது. உள்ளே கொழுக்கட்டைப்புல், நரிப்பயறு, நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். காட்டை மூன்று நாலு பங்காக அடைத்து, ஒன்று மேய்ந்து முடிந்தால் அடுத்ததில் விடுவார்கள். மேய்ந்த காடு ஓய்ந்திருக்கும். புல் பச்சையாக இல்லாத கோடையில் வெள்வேலங்காய் உதிரும். மாடு மேய்ந்த இடத்திலேயே சாணம் விழும், வண்டு அதை மண்ணுக்குள் இழுத்துப் போகும், அடுத்த மழைக்குப் புல் வரும். உழவும் இல்லை, உரமும் இல்லை. தனியார் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மேய்ச்சல் காடு இது. காங்கயம் மாட்டின் திமிலும் காலும் இந்தக் காட்டின் விளைச்சல். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்துக் காத்ததை மாட்டியல் நூல்கள் எல்லாம் குறிப்பிடுகின்றன. அந்தப் புகழ் தகும். ஆனால் காடில்லாமல் மாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சாணத்தை எரிக்கிற வழக்கத்தைக் குறை சொல்லும் பேச்சும் உண்டு. 1893-இல் வெளியான தம் அறிக்கையில் ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்னும் ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் இதற்கு நேர்மையான பதில் சொன்னார்: விறகு கிடைக்கும் இடத்தில் உழவன் சாணத்தை எரிப்பதில்லை, விறகு இல்லாமல்தான் எரிக்கிறான், அவனுக்கு விறகுக் காடும் தீவனக் காடும் கொடுங்கள் என்றார். இந்திய உழவனுக்குப் பாடம் நடத்த வந்தவர் அவனிடம் பாடம் கேட்டுப் போனார் என்றே அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. பின்னால் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் மட்குரம் செய்யும் முறையை வகுத்தபோதும் மாட்டுச்சாணமும் கோமியம் ஊறிய தொழுவ மண்ணும்தான் அதன் உயிர். எங்கள் வீட்டு எருக்குழிக்கு அது புதிய செய்தி இல்லை.

இனி வழிபாட்டுக்கு வருகிறேன்.

உழவர் வீட்டில் மாட்டு வழிபாடு முதலில் ஒரு ஒழுங்கு. அமாவாசையன்று எருதைப் பூட்டக்கூடாது. எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் கூடாது. சம்பளப் பட்டியலில் இல்லாத வேலைக்காரனுக்கு மாதந்தோறும் ஒரு விடுமுறை. காலையில் அதற்குத் தீனி காட்டாமல் நாம் வாய் நனைக்கக்கூடாது. "வாயில்லாச் சீவன் பாத்துக்கிட்டு நிக்கறப்ப உனக்கு எப்படிடா சோறு எறங்குது" என்று அப்பாரு கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. வாலை முறுக்கக்கூடாது, தார்க்குச்சியின் ஆணியை விரல் நகத்தளவுக்குமேல் நீட்டக்கூடாது. இவையெல்லாம் எந்த நூலிலும் எழுதிவைத்தது இல்லை. மீறியவர்களும் இருந்தார்கள், மீறியவர்களை ஊர் பேசியது.

எங்கள் பக்கத்து மாட்டுப் பொங்கலுக்குப் பட்டிப் பொங்கல் என்று பெயர். பட்டிக்குள் சாணத்தாலும் மண்ணாலும் கரைகட்டிச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் அமைப்போம். அதில் தண்ணீர் விட்டு, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சுற்றிலும் செருகி, கரும்பும் மஞ்சளும் சோளக்கதிரும் நடுவோம். பொங்கல் வெந்ததும் முதல் படையல் மாட்டுக்கு. மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, தட்டைத் தட்டிக்கொண்டு, பட்டியை வலம் வருவார்கள். கடைசியில் மாட்டையும் கன்றையும் தெப்பக்குளத்தைத் தாண்டவிடுவோம். குளம்பு பட்டுக் கரை உடைந்து தண்ணீர் ஓடவேண்டும். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் கட்டியதை ஒரு கன்று ஒரே மிதியில் உடைப்பதில் ஊருக்கு அத்தனை மகிழ்ச்சி. அந்தச் சின்னக் குளத்தில் ஒரு வருடத்து மழைக்கான வேண்டுதல் முழுக்க அடங்கியிருக்கிறது.

உடுமலைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. மாலவன் அங்கே மாடு மேய்ப்பவர்களின் தெய்வம். தைப்பொங்கல் நாட்களில் சுற்று வட்டாரம் முழுவதும் பாலைக் கொண்டுவந்து ஊற்றுகிறது. மாட்டுக்கு நோய் வந்தால் மண்ணால் செய்த மாட்டுருவத்தை நேர்ந்து வைப்பார்கள். பொங்கலன்று பிறந்த காளைக்கன்றைக் கோயிலுக்கென்றே விட்டுவிடுவதும் உண்டு. அதற்குச் சலகெருது என்று பெயர், ஊர் ஊராக ஆட்டத்தோடு அழைத்துவருவார்கள். அதன் கழுத்தில் நுகம் ஏறாது.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். கரூர்க் கோயிலுக்குப் பழம்பெயர் ஆனிலை. அங்கே இறைவன் பசுபதீசுவரர். பசுபதி என்றால் ஆநிரைக்குத் தலைவன், மேய்ப்பன். சைவ சித்தாந்தம் மூன்றே சொல்லில் தன் தத்துவத்தை நிறுத்துகிறது: பதி, பசு, பாசம். உயிர்தான் பசு. அதைக் கட்டியிருக்கும் கயிறுதான் பாசம். பாசம் என்னும் வடசொல்லுக்கே கயிறு என்பதுதான் முதற்பொருள். கல்லூரியில் இதை நான் பாடமாகப் படித்தபோது, வகுப்பிலிருந்த நகரத்து நண்பர்கள் உவமையை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. தும்பு அறுத்துக்கொண்டு இரவெல்லாம் திரிந்த கன்று விடியற்காலையில் தானாகக் கட்டுத்தரைக்கு வந்து முளைக்குச்சியின் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மெய்கண்டார் வழிவந்த பெரியவர்கள் உயிரின் நிலையைச் சொல்ல எங்கும் தேடி அலையவில்லை. தொழுவத்துச் சொல்லே போதுமாக இருந்தது. நம் சமயத்துக்கு மாடு கொடுத்த பெருங்கொடையாக நான் எண்ணுவது இதைத்தான். நெய்யும் பாலும் அதற்குப் பிறகு.

வரலாற்றுப் பக்கம் விரைந்தே போகிறேன். இந்த அவையில் கல்வெட்டறிஞர்கள் இருக்கிறீர்கள். மாடு என்றாலே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி நம்முடையது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று போரின் தொடக்கமே மாட்டில் வைக்கப்பட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் ஆகோள் என்ற சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. தொறுவைக் காக்கும் பூசலில் தலைவன் விழுந்தபிறகும் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயும் அந்தக் கல்லில் நிற்கிறது. மாட்டைக் காத்த நாய்க்கும் கல் எடுத்த நாடு இது.

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆட்டையும் மாட்டையும் கொடையாகக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு விளக்குக்கு ஆடு 96, பசுவானால் 48, எருமையானால் 16. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்கவேண்டும். இந்தக் கொடை விலங்குகளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும்: சாவா மூவா. சாகாது, மூக்காது. ஒவ்வொரு விலங்கும் சாகும், மூக்கும். ஈன்றுகொண்டே இருப்பதால் மந்தை சாவதில்லை. எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது வளர்க்கிறவன் கடமை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு விளக்கின் வெளிச்சத்தை உயிருள்ள மந்தையின் பிறப்பில் முதலீடு செய்த அறிவை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் பெருமை. இனிச் சொல்லப்போவது பெருமை இல்லை. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நேர்மையாகாது.

கவலைச் சாலின் தோல்வாலைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? மாடு செத்தால் அதைத் தூக்கிப் போனவர்கள் அருந்ததிய மக்கள். உரித்து, ஆவாரம்பட்டை ஊறலில் பதப்படுத்தி, தைத்து, தோல்வாலாகவும் செருப்பாகவும் வாராகவும் ஊருக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். செத்த எருதின் தோல்தான் உயிரோடு இருந்த எருது இழுத்த தண்ணீரைத் தாங்கியது. அந்தத் தோல் வழியாக வந்த தண்ணீரை நாங்கள் குடித்தோம். அதைத் தைத்த கைக்கு அதே கிணற்றில் இறங்க உரிமை இல்லை. எங்கள் மாட்டை மேய்த்தவனும் அந்தக் குடியைச் சேர்ந்த பையன்தான். வருசத்துக்கு இத்தனை வள்ளம் சோளம் என்று பேசிப் பண்ணையத்துக்கு விட்டிருந்தார்கள். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நான் பள்ளிக்கூடம் போனேன். பட்டிப் பொங்கலன்று மாட்டுக்குப் படைத்தபிறகு எங்களுக்கு இலை போட்டார்கள். அவன் பட்டிக்கு வெளியே ஈயப் போசியோடு நின்றான். மாட்டுக்கு முதல் பந்தி கொடுத்த வீடு மாடு மேய்த்தவனுக்குக் கடைசிப் பந்திகூடக் கொடுக்கவில்லை. அம்பேத்கர் 1948-இல் தம் நூலில் செத்த மாட்டையும் தீண்டாமையையும் சேர்த்து வைத்துக் கேட்ட கேள்விகளை, பசுவைப் போற்றுகிற எவரும் தாண்டிப் போகமுடியாது. கிராம வாழ்வில் மாட்டின் மதிப்பை எழுதுகிற மாணவர்கள் இந்தப் பக்கத்தையும் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பாதி ஏடு கிழிந்ததாகவே ஆகும்.

எருது எப்படிப் போனது? ஒரே நாளில் போகவில்லை. முதலில் கிணற்றிலிருந்து போனது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதற்குப்பின் கம்பி மெல்ல மெல்லக் காட்டுக்குள் இறங்க, மோட்டார் வந்தது. எங்கள் ஊருக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. பொத்தானை அழுத்தியதும் குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்ததைப் பார்த்து ஊரே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். எருதுக்கு ஓய்வு என்று மகிழ்ந்தோம். கிணற்றில் தண்ணீர் ஊறும் வேகத்துக்கு மேல் இறைக்க எருதால் முடியாது என்பதும், அதனால்தான் கிணறு வற்றாமல் கிடந்தது என்பதும், கிணறு வற்றி ஆழ்துளை போட்டபிறகுதான் விளங்கியது. அடுத்து பாரவண்டியிலிருந்து போனது, லாரி வந்தது. கடைசியாக ஏரிலிருந்து போனது, டிராக்டர் வந்தது. குறுக்கிலும் நெடுக்கிலும் உழுது கஷ்டப்பட்ட உடம்புகளுக்கு டிராக்டர் ஆறுதல் தந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். என் தகப்பனாரின் தோள்பட்டை அறுபது வயதில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் டிராக்டர் சாணம் போடாது, கன்று ஈனாது, டீசலைக் காட்டில் மேய்ந்துகொள்ளாது. எருது போன கையோடு எருவும் போனது. எரு போன இடத்துக்கு மூட்டை உரம் வந்தது. தீவனத் தேவை குறைந்ததும் கொறங்காட்டுக்கும் மதிப்பு குறைந்தது. கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டு மனை பிரித்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2012-இல் நாட்டில் மாட்டினம் 19.09 கோடி, 2019-இல் 19.25 கோடி. மொத்தத்தைப் படித்துவிட்டு எல்லாம் நலம் என்று ஏட்டை மூடிவிடலாம். ஆனால் பசுவும் கிடாரியுமாகப் பெண் மாடு 12.30 கோடியிலிருந்து 14.51 கோடியாக ஏறியது. ஆண் மாடு 6.79 கோடியிலிருந்து 4.74 கோடியாக இறங்கியது. ஏழே ஆண்டில் இரண்டு கோடிக்கு மேல் குறைவு. பெண் மாடு ஏறியதில் பெரும்பங்கு கலப்பினம். நாட்டு மாடு மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு குறைந்திருக்கிறது. கலப்பினக் காளைக்குத் திமில் இல்லை, நுகம் தங்க இடம் இல்லை, வெயிலும் தாங்காது. பிறந்தால் யாருக்கும் வேண்டாம். அதனால் பிறக்காமலே செய்கிற வழியும் வந்துவிட்டது: பாலினம் பிரித்த உறைவிந்து ஊசி போட்டால் பத்துக்கு ஒன்பது கிடாரியாகவே பிறக்கும். பால் விற்றுப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது பெரிய உதவி. அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. கொள்கை வகுக்கிறவர்களைக் கேட்கிறேன்: சாவா மூவா என்று மந்தையை எண்ணிய நாட்டில், மந்தையின் ஒரு பாதியைப் பிறக்கவே வேண்டாம் என்று முடிவு கட்டியது எந்த அவையில்?

1966-இல் மார்வின் ஹாரிஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இந்தியப் பசுவின் புனிதத்துக்குப் பொருளியல் காரணம் சொன்னார். பசு எருதை ஈனுகிறது, எருது உழுகிறது, சாணம் அடுப்பிலும் வயலிலும் வேலை செய்கிறது, அதனால்தான் பஞ்சத்திலும் பசுவைக் கொல்லாமல் காத்தார்கள் என்றார். வி. எம். தாண்டேகர் போன்ற நம் பொருளியலாளர்கள் அவரை மறுத்து எழுதினார்கள். நான் ஹாரிஸ் பக்கம் பாதி தூரம் போவேன். எருதுதான் கணக்கின் மையம் என்று அவர் கண்டது சரி. ஆனால் எங்கள் கட்டுத்தரையில் கணக்கு ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம் என்று இரண்டு தொழுவம் இருக்கவில்லை. அமாவாசைக்கு எருதை அவிழ்த்து விட்டவர், அடுத்த நாள் அது நன்றாக இழுக்கும் என்றும் நினைத்தார், பாவம் என்றும் நினைத்தார். இரண்டும் ஒரே நினைப்பு.

இன்றைக்கு ஆண் மாட்டுக்கு எஞ்சியிருக்கும் வேலை விளையாட்டுதான். மதுரைப் பக்கம் சல்லிக்கட்டு, எங்கள் பக்கம் ரேக்ளா. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டதையும், 2023 மே 18-இல் உச்சநீதிமன்றம் மாநிலச் சட்டத்தை ஏற்றதையும் அறிவீர்கள். புலிக்குளம் காளை இன்றும் வீட்டில் நிற்பதற்கு அந்த வாடிவாசல் ஒரு காரணம். ஆனால் காவிரிக் கடைமடையில் சேற்று உழவுக்கென்றே வார்த்தெடுத்த உம்பளச்சேரி மாட்டுக்கு வாடிவாசல் ஏது? கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்று பெயர் வாங்கியது அது. முழங்கால் சேற்றில் நாள் முழுக்க நடக்கும். சேற்றில் டிராக்டர் இறங்கியபிறகு அதன் கால்களுக்கு வேலை இல்லை. பர்கூர் மலை மாட்டுக்கும் ஆலம்பாடிக்கும் இதே நிலைதான்.

கொள்கைக்காரர்களிடம் இரண்டு கேட்பேன். நாட்டுக் காளைக்கன்றை வளர்த்துப் பழக்குகிற உழவனுக்குப் பணமாக உதவி கொடுங்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவனுக்கு ஒரு சோடி எருது இன்றும் டிராக்டர் வாடகையைவிட மலிவு. முதல் மூன்று வருடத் தீவனம்தான் அவனை முறிக்கிறது. கொறங்காட்டை மனையாக மாற்றாமல் வைத்திருப்பவனுக்கும் ஏதாவது செய்யுங்கள். மாணவர்களிடம் ஒன்று கேட்பேன். கவலை ஓட்டிய கடைசி மனிதர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எருதைப் பின்னுக்கு நடக்கவைத்த அந்த ஒலியை எழுத்தில் எழுதமுடியாது. இந்த விடுமுறையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள். தோல்வால் தைத்தவர்களின் வீட்டுக்கும் போங்கள். முதலில் அங்கே போங்கள்.

ஒன்று சொல்லி அமர்கிறேன். அப்பாருவுக்குப் பிறகு எருதுகளை விற்றவன் நான். உத்தியோகம் வெளியூரில், பார்க்க ஆள் இல்லை என்று காரணம் சொன்னேன். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரோடு மாட்டுச்சந்தை கூடும். அங்கே ஓட்டிப்போனேன். தரகர் வந்தார், வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், என் கைமேல் துண்டைப் போட்டார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொன்னார். வெளியே நின்றவர் எவருக்கும் தெரியாமல் இரண்டு உயிரின் விலை என் நாலு விரலில் முடிந்தது. வாங்கியவர் தம் கயிற்றைக் கட்டி, எங்கள் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது வழக்கம். மயிலை இடப்பக்கமும் செவலை வலப்பக்கமுமாகத்தான் நடந்து போயின. வீட்டுக்கு வந்து கயிற்றை விட்டத்து ஆணியில் மாட்டினேன். ஆத்தா அன்றைக்குச் சோறு வைக்கவில்லை.

போன வருடம் என் தம்பி பேரன், பொறியியல் படித்தவன், கோவை வேலையை விட்டுவிட்டு வந்து, அதே சந்தையில் ஒரு சோடி மயிலைக் காளைக்கன்று பிடித்து வந்தான். இரண்டும் இன்னும் பல் போடாதவை. "தாத்தா, அந்தப் பழைய கயிறு இருக்குதுங்ளா?" என்று கேட்டான். ஏணி வைத்து ஏறி எடுத்தேன். கையில் எடுத்ததும் புரி விட்டுத் தூளாக உதிர்ந்தது. அன்று மாலையே காங்கயம் கடைவீதிக்குப் போய்ப் புதுக்கயிறு நாலு முழம் வாங்கி வந்தோம்.